ஜெனியின் நட்சத்திர முட்டை

களிமண்ணில் கைவைத்துப் பிழைக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் "இதென்ன பெரிய விஷயம், நாமளே பண்ணிடலாம்" என்று தோன்றும். விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனி வேலைக்குப் போகிற எல்லோருக்கும் இது கொஞ்சம் இருக்கும். எனக்கு முற்றிப்போயிருந்தது. ஜாடி, தவளை, வாத்து, பிள்ளையார் என்று சகலத்துக்கும் கலர் அடிக்கிற பகுதிக்கு நான் சூப்பர்வைசர். கோழி முட்டைக்குக் கலர் ஏற்றத் தெரியாது என்று யாராவது சொன்னால் ரோஷம் வராதா? (யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் போய் மாட்டிக்கொண்டேன்.)

என் மனைவி ரீட்டாவின் அண்ணன் சேவியர் புதுச்சேரியில் இருக்கிறார். அவர்கள் பக்கம் ஈஸ்டருக்கு முதல் நாள் வீட்டிலேயே பிள்ளைகள் முட்டைக்குச் சாயம் ஏற்றுவார்கள். மறுநாள் பூசை முடிந்ததும் ஒருத்தர் முட்டையோடு ஒருத்தர் முட்டையை மோதுவார்கள். உடையாத முட்டைக்காரர் ஜெயித்தவர். ஒரு வருஷம் ஈஸ்டருக்கு நாங்கள் அங்கே போயிருந்தோம். அப்போது என் மகள் ஜெனி ஒண்ணாம் வகுப்பு. சேவியரின் மகன் கெவின் முதல் மோதலிலேயே அவள் முட்டையை உடைத்துவிட்டான். அவள் அழவில்லை. உடைந்த முட்டையைக் கர்ச்சீப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். சாப்பிடவும் மாட்டேன் என்றாள், தூக்கிப் போடவும் விடவில்லை. வடலூர் வருவதற்குள் முன்சீட்டுக்காரர் இரண்டு முறை மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பஸ்ஸிலேயே நான் முடிவெடுத்துவிட்டேன். அடுத்த ஈஸ்டர் நம் ஊரில், நம் கோயிலில், நம் முட்டையில். பங்கு ஃபாதரிடமும் போய்ச் சொன்னேன். கோயில் பிள்ளைகள் எல்லோருக்கும் கலர் முட்டை என் பொறுப்பு என்றேன். அவர் நல்ல மனிதர், நம்பிவிட்டார்.

மறு வருஷம் ஈஸ்டருக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை சேவியர் குடும்பம் வந்து இறங்கியது. ரீட்டா முட்டைகளை அவித்து வைத்திருந்தாள். ஜெனியும் கெவினும் பழைய பனியன் போட்டுக்கொண்டு கிண்ணங்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மஞ்சள், பீட்ரூட் சாறு, கேசரிப் பவுடர், கடையில் வாங்கிய பச்சை, நீலம் எல்லாம் தயார். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விடணுமாம், போனில் போட்டிருக்கிறது என்றாள் ரீட்டா. தொழில் தெரிந்தவனிடம் போனைக் காட்டுகிறாயே என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

வினிகர் இல்லாத சாயம் முட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பிடித்தது. தரையில் பிடித்தது. என் வேட்டியில் பிடித்தது. கெவினின் காதில் எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை தெரியவில்லை. முட்டைகளோ அம்மை போட்ட மாதிரி திட்டுத் திட்டாக நின்றன. பீட்ரூட்டில் ஊறியவை கழுவாத கால் நிறத்துக்கு வந்துவிட்டன. ஜெனி மட்டும் ஒரு முட்டையைப் பச்சையில் போட்டு, பொறுமையாக ஸ்பூனால் புரட்டிக்கொண்டே இருந்தாள். அதுவும் பாதிதான் பச்சையானது.

"எங்க வூட்ல இதைவிட நல்லா வரும்" என்றான் கெவின். ஜெனி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு அந்தப் பஸ் ஞாபகம் வந்துவிட்டது.

பிள்ளைகள் குளிக்கப் போன நேரத்தில் கம்பெனிக்கு ஓடினேன். அங்கே ஒரு மூலையில் செராமிக் முட்டைகள் கிடந்தன. கூடையில் முட்டைகளோடு கோழி உட்கார்ந்திருக்கிற மாதிரி பொம்மை ஒன்று செய்தோம். சூளையில் கோழியெல்லாம் விரிசல் விட்டுப்போக, முட்டைகள் மட்டும் அநாதையாக மிஞ்சின. ஒருமுறை சுட்ட வெள்ளை முட்டைகள், பளபளப்புப் பூச்சு இல்லாதவை. கையில் எடுத்தால் அசல் முட்டையின் தோல் மாதிரியே இருக்கும். சாயத்தில் போட்டேன். வெயிலில் நடந்து வந்தவன் மோர் குடிக்கிற மாதிரி குடித்தன. அவ்வளவு அழகான நீலத்தை நான் பார்த்ததில்லை.

என் திட்டம் இதுதான்: கூடையின் மேல் வரிசையில் பார்வைக்கு மட்டும் இவற்றை வைப்பது, கோயில் வாசலில் எல்லோரும் பார்த்து வாயைப் பிளந்ததும் சத்தமில்லாமல் எடுத்துவிடுவது. பார்வைக்கு மட்டும் என்றால் அப்படியே வைத்திருக்கலாம். உள்ளே காலியாக இருந்ததால் கனம் குறைகிறதே என்று மணிமுத்தாற்று மணலை நிரப்பினேன். அடியில் இருந்த ஓட்டையைச் சுண்ணாம்பால் அடைத்து, அதன்மேல் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டினேன். (தொழில் பக்தி. வேறென்ன சொல்ல?) திடீரென்று இவ்வளவு அழகாக எப்படி வந்தது என்று ரீட்டா கேட்டாள். காய்ந்தால் அப்படித்தான் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. பைக் சாவியைத் தேடிக்கொண்டு நான் பின்தங்கியதுதான் தப்பு. வெளியே வருவதற்குள் ரீட்டா கூடையைக் கோயில் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டாள், சிஸ்டர் முட்டைகளைப் பங்கு வைத்துவிட்டார். கொடிமரத்தடியில் பிள்ளைகள் கூட்டம். நடுவில் ஜெனி. அவள் கையில் நீல முட்டை, அதன் அடியில் நட்சத்திரம்.

முதல் பையனின் முட்டை உடைந்தது. அடுத்த பெண்ணின் முட்டையும் உடைந்தது. ஜெனி திரும்பி, கூட்டத்துக்கு நடுவே என்னைத் தேடிப் பிடித்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. பிறகு கெவினின் முட்டையும் உடைந்தது. ஜெனி குதிக்கவில்லை, கெவினைக் கிண்டல் செய்யவில்லை. முட்டையைத் தாவணிக்காரி குடத்தைப் பிடிப்பதுபோல் இடுப்போரம் அணைத்துக்கொண்டு நின்றாள்.

ஃபாதரும் ஆசையாகத் தன் முட்டையோடு வந்தார். அதுவும் போயிற்று. ஜெயித்தவர் தன் முட்டையைத் தானே சாப்பிட வேண்டும், அதுதான் முறை என்று சேவியர் மிளகுத்தூள் பொட்டலத்தை எடுத்தார். ஃபாதர் முட்டையை விரலால் தட்டிப் பார்த்தார். சேவியர் உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்தார். அந்த நேரம் வேப்பமரத்தடியிலிருந்து பங்குப் பேரவைப் பெரியவர் ஒருவர், "என் முட்டை உரிக்க வரலியே, நல்லா அவிச்சீங்களா?" என்று கேட்டார். ஃபாதர் கொடிமரத்தின் சிமெண்டு மேடையில் ஒரு போடு போட்டார். முட்டை இரண்டாகப் பிளந்தது. அவருடைய வெள்ளை அங்கியின் மேல் மணிமுத்தாற்று மணல் சரசரவென்று கொட்டியது.

"இது முட்டையே இல்ல. ஜெனி ஏமாத்திட்டா" என்றான் கெவின்.

மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஜெனி அந்த மணலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொடிமரத்துக்குப் பின்னால் ஒளியலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. கொடிமரம் என்னைவிட ஒல்லி. வெளியே வந்தேன்.

"ஃபாதர், அது எங்க கம்பெனி முட்டைங்க. நான்தான் வெச்சேன். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

ஃபாதர் அங்கியைத் தட்டிக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டார். மிச்ச முட்டைகள் யார் யாரிடம் போயின என்று விசாரித்து, யாருக்கும் பல் போகும் முன் திரும்ப வாங்கி வரச் சொன்னார். அன்று மத்தியானம் பிரியாணி நேரத்தில் வீடு வீடாகப் போய் முட்டையைத் திருப்பிக் கேட்ட ஒரே கிறிஸ்தவன் நான்தான்.

வீட்டுக்கு வந்தபோது ஜெனி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"என் முட்டை தோத்துரும்னு நெனச்சியாப்பா?"

சூளைச் சூட்டில் நின்றிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கேள்வி சுட்ட மாதிரி எதுவும் என்னைச் சுட்டதில்லை. அவள் உள்ளே போய்த் தன் பாதிப் பச்சை முட்டையை எடுத்து வந்தாள். என் கையில் ஒரு பீட்ரூட் முட்டையைக் கொடுத்தாள். மோதினோம். உடைந்தது என்னுடையது. "பாத்தியா?" என்றாள். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாக அதைச் சாப்பிட்டோம். (கெவின் ஊருக்குக் கிளம்பும்போது, ஸ்கூலில் மோத ஒரு கம்பெனி முட்டை கிடைக்குமா மாமா என்று காதோடு கேட்டது தனிக்கதை.)

ஜெனி இப்போது கடலூரில் காலேஜ் படிக்கிறாள். அந்த ஈஸ்டர் இன்னும் என்னை விடவில்லை. மளிகைக் கடையில் முட்டை வாங்கினாலும் சரி, கல்யாணப் பந்தியில் முட்டை வைத்தாலும் சரி, சேவியருக்கு ஒரே கேள்விதான்: "கோழி போட்டதா, மாப்ள போட்டதா?" ஜெனி அதோடு நிறுத்துவதில்லை. வருஷா வருஷம் ஈஸ்டர் சாப்பாட்டில் என் இலையில் ஒரு செராமிக் முட்டையை எப்படியாவது நுழைத்துவிடுவாள். என் கடைவாய்ப் பல்லின் ஓரம் போனது அப்படித்தான்.

இந்த வருஷம் இலையோரம் நீல முட்டை, அடியில் நட்சத்திரம். எல்லோரும் சாப்பிடாமல் என்னையே பார்த்தார்கள். இத்தனை வருஷம் தொழிலில் இருக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று சொல்லி, சத்தம் கேட்கட்டும் என்று முட்டையை ஓங்கி மேசையில் அடித்தேன்.

மஞ்சள் கரு என் புதுச்சட்டையிலும் சேவியரின் மீசையிலும் வழிந்தது. அவிக்கக்கூட இல்லை. ஜெனி நிதானமாகக் கர்ச்சீப்பை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"அது கோழி போட்டதுப்பா" என்றாள்.