சந்தனப் பாவில் விழுந்த காகித ரோஜா

என் நாத்தனார் சரோஜா பொய் சொல்கிறார். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. எங்கள் குடும்பத்தில் காது குத்து, வளைகாப்பு, புதுமனை என்று எது நடந்தாலும், சாப்பிட்டு முடித்து எல்லாரும் வெற்றிலை மடிக்கிற நேரத்தில், "நம்ம கோமளா காஞ்சிபுரத்துக்கே சாயம் போட்ட கதை தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். அந்தக் கதையில் வேண்டாம் வேண்டாம் என்று அவர் படித்துப் படித்துச் சொல்வார், நான் கேட்கமாட்டேன். கூட்டம் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இனிமேல் முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

(நான் அசடு இல்லை என்று சொல்ல வரவில்லை. அசடுதான். ஆனால் அவர் சொல்கிற வகை அசடு இல்லை.)

எழுபதுகளின் ஆரம்பம். கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையத்தில் குடித்தனம். எங்கள் வீட்டுக்காரருக்கு நெசவாளர் சொசைட்டியில் எழுத்து வேலை. அவருடைய அக்காதான் சரோஜா அண்ணி. மெட்ராஸில் வாழ்க்கைப்பட்டவர். ஒரு ஐப்பசி மழையில், டாக்சி வைத்துக்கொண்டு, ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினார். டாக்சியைப் பார்த்து எங்கள் தெருவே யாரோ செத்துப்போனார்கள் என்று ஓடி வந்தது.

பெட்டிக்குள் சுருக்கம் சுருக்கமாகக் கலர் காகிதம். கிரேப் பேப்பர் என்றார். ரோஸ், ஊதா, கிளிப்பச்சை, மஞ்சள். பச்சைத் துணி சுற்றிய கம்பி, கோந்து பாட்டில், வளைந்து வளைந்து வெட்டுகிற கத்திரிக்கோல், பூவுக்கு நடுவில் வைக்கிற மகரந்தக் குச்சி. இதையெல்லாம் ஒரு கம்பெனி கடையில் விற்பதில்லையாம். பெண்கள் மூலமாக, வீட்டிலேயே வைத்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, பூச்செய்யக் கற்றுக்கொடுத்து விற்குமாம். அதற்கு என்னைக் "காஞ்சிபுரம் வீட்டுப் பிரதிநிதி" ஆக்கிவிட்டார். ஜாக்கெட்டில் குத்திக்கொள்ள ஒரு தகர வில்லையும் கொடுத்தார்.

எங்கள் வீட்டுக்காரர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏங்க்கா, இந்த ஊர்ல கோயிலுக்குக் கோயில் நிஜப் பூவே கூடை கூடையா வித்துக்கினு இருக்குது. காயிதப் பூவை எவன் வாங்குவான்?"

"நீ சும்மா இருடா. நிஜப் பூ சாயங்காலம் வாடிடும். இது வாடாது."

"வாசனையும் வராது."

"உனக்கு மூக்குக்குப் பக்கத்துல யாருடா கொண்டாந்து வைக்கப் போறாங்க?"

அவர் சட்டை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். நான் வில்லையைக் குத்திக்கொண்டேன். குத்தியவுடன் எனக்கு நடையே மாறிப்போனது. தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போகும்போதும் வில்லையோடுதான் போனேன். அம்மன் கோயில் பூசாரி கண்டக்டர் வேலையா என்று கேட்டார்.

வியாபாரம் பேசுவதற்கு முன்னால் வாடிக்கையாளரை எதையாவது சொல்லிப் பாராட்ட வேண்டும் என்பது கம்பெனிப் பாடம். எதிர்வீட்டு அம்மாவிடம் போய், "உங்க வீடு என்னமா பளபளன்னு இருக்குது!" என்றேன். அவர்கள் வீட்டில் கூரை ஒழுகித் தரையெல்லாம் தண்ணீர். "நக்கலா பண்றே?" என்று அந்த அம்மா விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டது. முதல் வியாபாரம் அத்தோடு முடிந்தது.

பக்கத்து வீடு மங்கை அக்கா வீடு. இரண்டு வீட்டுக்கும் கொல்லையில் ஒரே குட்டைச் சுவர். குழம்புக் கிண்ணம், முருங்கைக்கீரை, வம்பு எல்லாம் அந்தச் சுவர் மேலாகத்தான் போய் வரும். "ஏண்டி கோமளா, உயிரோட இருக்கிறியா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தால்தான் எனக்குப் பொழுது விடியும். தாயில்லாத எனக்குப் பிரசவம் பார்த்தது மங்கை அக்கா. அவர் வீட்டுக்காரர் தேவராஜ் அண்ணன் தறி நெய்கிறவர். மகள் வசந்தாவுக்கு மாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஐயம்பேட்டை.

தேவராஜ் அண்ணன் ஊரில் உள்ளவர்கள் கல்யாணத்துக்கெல்லாம் நெய்தவர். எல்லாம் முதலாளி கொடுக்கிற பட்டு, முதலாளியின் புடவை. தன் வீட்டுப் பெண்ணுக்கு என்று ஒரு புடவை அவர் நெய்ததே கிடையாது. வசந்தாவுக்காக மட்டும் முதலாளியிடம் கெஞ்சி, தை மாதத்தில் கொஞ்ச நாள் தறியைத் தனக்கென்று விடச் சொல்லி வாங்கியிருந்தார். சந்தன நிறம், அரக்கு பார்டர். "எம்பொண்ணு மணையில உக்காரச் சொல்ல, அவ அப்பன் கை நூல்தான் அவ மேல இருக்கணும்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாள்கள் போனால் தறி மறுபடி முதலாளி வேலைக்குப் போய்விடும். கல்யாணத்துக்குள் இன்னொரு தடவை கிடைக்காது. இது தெருவுக்கே தெரியும்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. ரிப்பனோ துணியோ, கலர் உள்ள எதைக் கையில் வாங்கினாலும் முதலில் விரலை எச்சில் பண்ணி ஓரத்தில் தேய்த்துப் பார்ப்போம். விரலில் ஒட்டினால் சாயம் நிற்காது என்று திருப்பிக் கொடுத்துவிடுவோம். சாயத்தோடு வாழ்கிற ஊர். அண்ணி எங்கள் வீட்டில் முதல் முதலாகப் பூச்செய்து காட்டிய அன்று, மங்கை அக்கா ரோஸ் காகிதத்தை எடுத்து விரலை நாக்கில் வைத்தார். அண்ணி வெடுக்கென்று காகிதத்தைப் பிடுங்கினார்.

"ஐயே! இது பூம்மா, புடவை இல்ல. பூவை யாராவது துவைப்பாங்களா?"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். மங்கை அக்காவும் சிரித்தார். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். மெட்ராஸ் அண்ணி ஆயிற்றே.

"இருந்தாலும் சாயம் நிக்குமா அண்ணி?" என்று அப்புறம் நான் தனியாகக் கேட்டேன். கேட்டேன். இதை அண்ணி தன் கதையில் சொல்லவே மாட்டார். "நிக்கும், நிக்கும். கம்பெனி சரக்கு" என்றார்.

தை மாதம் எங்கள் தெருவில் அம்மன் வீதிவலம். அந்தச் சமயத்துக்கு அண்ணி மறுபடி வந்திருந்தார். இந்த வாரம் தெருவையே கடையாக்கிவிட வேண்டும் என்று அவருக்கு யோசனை. இருவருமாக உட்கார்ந்து ரோஜா ரோஜாவாகச் செய்து, கோந்தில் ஒட்டி, நூலில் கோத்து, இந்த வீட்டுக் கூரைக்கும் எதிர்வீட்டுக் கூரைக்கும் குறுக்காகத் தோரணம் கட்டினோம். தெரு முழுக்க. அம்மன் வந்தபோது ஜனங்கள் சாமியை விட்டுவிட்டு மேலேயே பார்த்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. அம்மனே என் வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டேன்.

சாமி போனதும் தேவராஜ் அண்ணன் வந்தார்.

"கோமளா, காலையில பாவு போடணும்மா. இத்த அவுத்துடுறியா?"

பாவு என்பது புடவையின் நீளவாக்கு நூல். தெரு நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் நீவி உலர்த்துவார்கள். எங்கள் தெருக்கள் அவ்வளவு நேராகவும் நீளமாகவும் இருப்பதே அதற்காகத்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பதில் சொல்லிவிட்டார். "அது எங்கியோ உசரத்துல இருக்குது, உங்க பாவு கீழ இருக்கப் போவுது. நாளைக்கு வாலாஜாபாத்துலேர்ந்தெல்லாம் ஆளுங்க வந்து பாப்பாங்க. ஒரு நாள் இருக்கட்டும்பா."

தேவராஜ் அண்ணன் மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரிம்மா" என்று போய்விட்டார். மழை வருமா என்றுதான் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். மேகம் இல்லை. தைப் பனியை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

விடிந்தபோது தெருவில் சந்தன நிறத்தில் பாவு இழுத்துக் கட்டியிருந்தது. நான்கைந்து பேர் இரண்டு பக்கமும் நின்று கஞ்சி தெளித்து நீவிக்கொண்டிருந்தார்கள். வசந்தா வாசலில் சாணி தெளிப்பதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மங்கை அக்கா என்னைப் பார்த்து, "வாடி, வந்து தொட்டுப் பாரு. என்னா மெதுவா இருக்குது பாரு" என்றார்.

தொட்டுப் பார்க்கக் குனிந்தேன். பொத்தென்று ஏதோ விழுந்தது.

ஒரு ரோஜா. பனியில் ஊறி, கோந்து விட்டு, ஈரத் துணி மாதிரி பாவின் மேல் உட்கார்ந்தது. எடுத்தேன். பூ இருந்த இடத்தில் பூவைவிட அழகாக இன்னொரு பூ, ரோஸ் நிறத்தில். அடுத்து ஒன்று. ஊதா. எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். தோரணங்கள் வரிசையாகத் தொங்கி, தள்ளாடி, நூல் அறுந்து, ஒன்றன் பின் ஒன்றாகக் கஞ்சி ஈரத்தின் மேல் படுத்தன. அப்போது நான் செய்ததுதான் என் வாழ்நாளிலேயே பெரிய காரியம். முந்தானையை எடுத்துத் துடைத்தேன்.

"தொடைக்காத! தொடைக்காத கோமளா!" தேவராஜ் அண்ணன் கத்தினார்.

துடைத்துவிட்டேன். புள்ளியாக இருந்தது கோடாக ஓடியது. இன்னொரு பக்கம் ஓடி அங்கேயும் துடைத்தேன். பதறினவளுக்கு வேறு என்ன தெரியும்? என் கை, முந்தானை, முகமெல்லாம் ரோஸ். ஹோலிப் பண்டிகைக்கு வந்தவள் மாதிரி தெரு நடுவில் நின்றேன். எதிர்வீட்டுப் பிள்ளை சிரித்துவிட்டது. அதன் அம்மா அதை அறைந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

தேவராஜ் அண்ணன் தன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். வசந்தா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயக்காரரிடம் கொண்டுபோனார்கள். சோடா போட்டு அலசிப் பார்த்தார். கலர் கரைந்து பாவு முழுக்கப் பரவி, பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்துக்கு வந்தது. மேலே அடர்த்தியாக வேறு சாயம் ஏற்றினாலும் திட்டுத் திட்டாகத் தெரியும் என்று கையை விரித்தார். அதற்குள் தறி முதலாளிக்குத் திரும்பிவிட்டது.

அண்ணி அன்றே பஸ் ஏறிவிட்டார். ஏறும்போது என்னிடம், "கல்யாணப் பந்தலுக்கு நம்ம செலவுல பேப்பர் அலங்காரம் பண்ணித் தர்றேன்னு சொல்லு" என்றார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அளவுக்காவது எனக்குப் புத்தி இருந்தது. பெட்டியோடு வில்லையையும் சேர்த்து அடுப்பில் போட்டேன். தகரம் எரியவில்லை.

வசந்தா மணையில் உட்கார்ந்தது கடையில் வாங்கின ஒரு செயற்கைப் பட்டில். அவள் மாமியார் புடவையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "தறிக்காரர் வூட்ல பட்டுக்கா பஞ்சம்?" என்றார். பந்தலில் எல்லாருக்கும் கேட்டது. மங்கை அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றேன்.

திட்டவே இல்லை, கடைசிவரை. கல்யாணம் முடிந்து ஒரு நாள் குழம்புக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். சுவர் வழியாக இல்லை, வாசல் வழியாக. "இந்தாங்க" என்றார். நான் அவர் வீட்டுக்குப் போனால், "வாங்க, உக்காருங்க" என்றார். காபி கொடுத்தார். "ஏண்டி" போய்விட்டது. சாகும்வரை அந்த மரியாதையை அவர் விடவில்லை. பிரசவத்தில் என் தலைமாட்டில் உட்கார்ந்து, "கத்துடி கழுதை, கத்து" என்று அதட்டினவர், என்னை "நீங்க" என்று கூப்பிட்டபடியே செத்துப்போனார். உறவுக்காரர்கள் அழுது முடித்த பிறகுதான் எனக்கு இடம் கிடைத்தது.

இதுதான் அண்ணி சொல்லிச் சிரிக்க வைக்கிற கதை.

போன மாதம் என் பேரனுக்கு முதல் பிறந்தநாள். சுவரில் காகித மாலை கட்டியிருந்தார்கள். அண்ணி வழக்கம்போல ஆரம்பித்தார். வசந்தாவும் வந்திருந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. மரியாதைக்கு அவளும் சிரித்து வைத்தாள். அப்போது அண்ணியின் மகள் மாலதி சிரிப்போடு சிரிப்பாகச் சொன்னாள்:

"மாமிக்குத் தெரியாம பண்ணிட்டாங்க, சரி. உனக்குத்தான் தெரியுமேம்மா! நம்ம வீட்டு கொலுல அந்தப் பூ மேல தண்ணி கொட்டி, அப்பா வேட்டியெல்லாம் ரோஸாயிடுச்சே. சின்ன வயசுல எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

"பாயசம் யாருக்காவது வேணுமா?" என்று அண்ணி எழுந்துகொண்டார். கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது.

வசந்தா சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து, "அத்தை, எங்கம்மாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது. எனக்கே அன்றுதான் தெரியும்.

அண்ணி, அடுத்த மாதம் உங்கள் பேரனின் கல்யாண வரவேற்பு. மேடை இருக்கும், மைக் இருக்கும், நம் ஜனம் முழுக்க இருக்கும். வசந்தாவை நான் கையோடு அழைத்து வருகிறேன். மங்கை அக்காவின் விரலிலிருந்து காகிதத்தைப் பிடுங்கினீர்களே, உங்கள் வீட்டு வேட்டி ரோஸானது அதற்கு முன்னாலா, பின்னாலா? என்னிடம் சொல்ல வேண்டாம். மைக்கைப் பிடித்து, வசந்தாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.