மாமியும் ஜின்னும் என் உளவியலும்

படிக்காதவனைவிட அரைகுறையாகப் படித்தவன் ஆபத்தானவன். கல்யாணமான புதிதில் நான் அந்த அரைகுறைகளில் முதல் தரம். ஆசிரியர் பயிற்சியில் கொஞ்சம் உளவியல் படித்துவிட்டு, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் அதை ஊட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போவான். என் மாமி தான் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்பக்க அறைக்கு மாறியிருந்தார். பழைய மனுஷி. மருமகன் முன்னால் வரமாட்டார், கதைக்கவும் மாட்டார். தேநீர் ஊற்றினால் திரைச்சீலைக்கு அப்பால் நின்று கதவு நிலையில் இரண்டு முறை தட்டுவார். அவ்வளவுதான் எங்கள் உறவு.

ஒருநாள் பகல் சோற்றின்போது ஜின் பற்றிப் பேச்சு வந்தது. விடுவேனா?

"காட்டுப் பத்தைக்குள்ள சத்தம் கேட்டு ஒருத்தன் யானை எண்டு ஓடினான். மத்தவன் காத்து எண்டு நிண்டான். நிண்டவன யானை மிதிச்சிட்டு. ஓடினவன்ட பிள்ளைகள்தான் நாம. அதான் சும்மா ஒரு சத்தம் கேட்டாலும் ஆரோ நிக்கிறாங்க எண்டு மூளை சொல்லுது."

"ஜின் குர்ஆன்ல இருக்கு மகன்" என்றார் மாமா.

"ஓம் மாமா. ஆனா நம்மட ஊட்டு முருங்கையில இல்ல." (திரைக்குப் பின்னால் மாமியும் கேட்டுக்கொண்டிருந்தாராம்.)

மறுநாள் மாமாவும் மாமியும் வரிப்பத்தான்சேனை வயலுக்கு அறுவடை பார்க்கப் போனார்கள். மனைவி சுமையா சாய்ந்தமருதில் இருக்கும் அவளுடைய ராத்தா, அதாவது அக்கா வீட்டுக்குப் போனாள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நான் தனியாகச் சாய்ந்திருந்தேன்.

டொக், டொக்.

"ஆரு?" பதில் இல்லை. திரை அசைந்தது. மறுபடியும் டொக், டொக். அச்சு அசல் மாமியின் தட்டு. மாமியோ வயலில். அப்படியென்றால், மாமியைப் போலவே தட்டத் தெரிந்த ஏதோ ஒன்று வீட்டுக்குள் வந்திருக்கிறது!

படித்த உளவியல் முழுதும் பறந்துபோனது. கட்டிலில் ஏறி நின்று, ஜின்னை விரட்ட ஆயத்துல் குர்ஸி ஓதினேன். நடுவில் இரண்டு இடம் மறந்துபோனது. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினேன்: "இது எங்கட வீடு. இஞ்ச உனக்கு இடமில்ல. இப்பவே வெளிய போ."

பின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஓதலுக்குப் பலன் கிடைத்த பெருமையோடு திரையை விலக்கினேன். முக்காலியில் சூடு ஆறாத தேநீர். பக்கத்தில் ஒரு துண்டு வட்டிலப்பம். எனக்கு அந்த இனிப்பு பிடிக்கும் என்பது எந்த ஜின்னுக்கும் தெரிய நியாயமில்லை.

கொஞ்ச நேரத்தில் சுமையாவின் போன் வந்தது.

"உம்மாவ என்ன சொன்னீங்க மச்சான்? மருமகன் தேத்தண்ணி இல்லாம இருப்பார் எண்டு வாப்பாவ வயல்ல விட்டுட்டு பஸ்ல ஓடி வந்தாவாம். இப்ப உடுப்புப் பையோட இஞ்ச வந்து அழுதுகிட்டு இருக்கா."

வீட்டைக் கட்டிக் கொடுத்தவரையே அதைவிட்டுத் துரத்தியவனுக்கு எங்கள் ஊரில் ஸலாம் சொல்லவும் ஆள் கிடைக்காது. ஓட்டோ பிடித்தேன். ஒன்று, கொடுமைக்கார மருமகன் என்று பெயரெடுக்க வேண்டும். அல்லது, ஜின்னுக்குப் பயந்தவன் என்று. சாய்ந்தமருது வரும்வரை எது பரவாயில்லை என்று முடிவெடுக்க முடியவில்லை.

அங்கே மாமி திரைக்குப் பின்னால். முன்னால், செய்தி கேட்டு வயலிலிருந்து ஓடி வந்திருந்த மாமா. அவர் கட்டியிருந்த சாரனில் சேறு காயவில்லை.

"மாமி, நான் உங்களச் சொல்லல்ல" என்றேன். "ஜின் எண்டு நினைச்சிட்டன்."

திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கிளம்பியது. திரை விலகி, முதன்முதலாக மாமி என் முன்னால் வந்து நின்றார், கண்ணைத் துடைத்தபடி.

"அப்ப அந்த யானைக் கத, மகன்?"

மாமா தலையை ஆட்டினார். "ஜின் இருக்கு மகன். ஆனா அது வரிப்பத்தான்சேனை பஸ்ல வாறல்ல."

அன்றோடு மாமி தட்டுவதை விட்டுவிட்டார். "மகன், நான்தான், மாமி" என்று முற்றத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வருவார். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் அதற்குக் காரணமும் விளக்கப்படும்.

போன வருடம் அவர் உம்றா யாத்திரைக்குப் போயிருந்தபோது, ஒரு பின்னேரம் கதவு நிலையில் அதே பழைய டொக், டொக். பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. "வாங்க மாமி" என்று எழுந்தே விட்டேன். காற்று. இல்லாத ஆளை மூளை கொண்டுவந்து நிறுத்துவது பயத்தால் மட்டுமல்ல என்பதை எனக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை.

சுமையா சும்மா இருப்பாளா? உடனே வீடியோ கோல் எடுத்துச் சொல்லிவிட்டாள். போன் திரையில் மாமியின் முகம் வந்தது.

"மகன், நான் மக்காவில நிக்கிறன். நீங்க ஆர உள்ள கூப்பிட்டீங்க எண்டு முதல்ல பாருங்க."