டிங்கர் அண்ணாச்சியின் வீட்டு வேன்

கோவில்பட்டியில் அந்தக் காலத்தில் ஓடிய வண்டிகளில் பாதி, டிங்கர் அண்ணாச்சியின் சுத்தியலால் அடி வாங்கியவை. மீதி வண்டிகள் அந்த அடிக்குப் பயந்தே ஒழுங்காக ஓடின என்பது என் அபிப்பிராயம்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று உண்டு. கரண்ட் பில்லில் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். நசுங்கிய மட்கார்டை நிமிர்த்துவது, ஓட்டை விழுந்த இடத்தில் தகரம் வைத்து வெல்டிங் அடிப்பது, அதன்மேல் பட்டியைப் பூசித் தேய்த்து வழவழப்பாக்கிப் பெயிண்டருக்கு அனுப்புவது, இதுதான் டிங்கர் வேலை. பைபாஸ் பக்கம் பட்டறை. பட்டறைக்குப் பின்னால் அவர் வீடு. மேலே ஒரே ஒரு அறை. தொண்ணூறுகளின் நடுவில் அந்த அறையில் நான் குடியிருந்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கல்யாணம் ஆகவில்லை.

எதைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது அண்ணாச்சியின் வழக்கம். ஏறுவதற்கு முன் பஸ்ஸைத் தட்டுவார். பாத்திரக் கடைக்குப் போனால் கடையில் உள்ள அத்தனை அண்டாவையும் தட்டுவார். தட்டியவுடன் தீர்ப்பும் வரும், சத்தமாக. ஒரு கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தார். வாசலில் அலங்காரம் செய்த கார். அதை ஒட்டி மாலையோடு மாப்பிள்ளை. அண்ணாச்சி காரை இரண்டு தட்டு தட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "வெளிய தான் தம்பி மினுக்கு. உள்ள பூரா துரு. பட்டி பார்த்து நிப்பாட்டியிருக்காவ. ஆறு மாசம் தாங்காது."

பின்னால் நின்ற பெண்ணின் சித்தப்பா காரைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைத்தான் பார்த்தார். கல்யாணம் நடந்தது. இரண்டு மணி நேரம் தாமதமாக, ஒரு டாக்டர் சர்டிபிகேட்டோடு நடந்தது.

இவரோடு குடித்தனம் நடத்தியவரை நாங்கள் எல்லோரும் மதினி என்று கூப்பிடுவோம். சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஃபேக்டரிக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். நான் அங்கே குடிபோன சமயத்தில் அவர் அண்ணாச்சியோடு பேசுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

காரணம், ஒரு பீரோ. மதினிக்கு அவருடைய அப்பா சீராகக் கொடுத்த இரும்பு பீரோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு வண்டிக்கு அவசரமாகக் கதவு போட வேண்டியிருந்திருக்கிறது. தகரக் கடை பூட்டிக் கிடந்தது. மதினி கோயிலுக்குப் போயிருந்தார். அண்ணாச்சி வீட்டுக்குள் போய் பீரோவைத் தட்டிப் பார்த்திருக்கிறார். நல்ல கனம். சுவரோடு சாய்ந்து நிற்கிற பீரோவுக்கு முதுகு எதற்கு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

மதினி திரும்பி வந்து, சேலை மாற்றுவதற்காக பீரோவைத் திறந்தார். சேலைகளுக்குப் பின்னால் வீட்டுச் சுவர் தெரிந்தது. சுவரில் ஒரு பல்லி இருந்தது.

"இனிமே இந்த மனுசன்கிட்ட ஒத்த வார்த்தை பேச மாட்டேன்" என்றார் பல்லியிடம். பேசவும் இல்லை.

பகலெல்லாம் எக்ஸ்சேஞ்சில் ஊராருக்கு லைன் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தால், வீட்டில் இவர்களுக்கு லைன் போட வேண்டும்.

"தம்பி, சோறு ஆறுதுன்னு உங்க அண்ணாச்சிகிட்ட சொல்லுங்க."

அண்ணாச்சி இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். முப்பது வருஷம் தகரம் தட்டியும் கெடாத காது. ஆனால் நான் சொல்கிறவரைக்கும் அவருக்குக் கேட்காது.

"அண்ணாச்சி, சோறு ஆறுதாம்."

"வாரேன்னு சொல்லுங்க தம்பி. என்ன கொழம்புன்னும் கேளுங்க."

ஒரு முழுத் தீபாவளியை இப்படி நடத்திக் கொடுத்திருக்கிறேன். நான் ட்யூட்டிக்குப் போயிருந்தால் பால்காரர் பார்த்துக்கொள்வார். ஒரு தடவை மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவரைப் பிடித்து உட்காரவைத்து ஒரு முழுச் சண்டையே போட்டிருக்கிறார்கள்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. அந்த ஏப்ரலில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் கடலை மூட்டை லாரியில் உரசி, மட்கார்டு நசுங்கி, பட்டறைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வேனுக்குள்ளே ஒரு வீடு இருந்தது. கட்டில், அடுப்பு, அலமாரி, ஜன்னலுக்குத் திரை. அரை நாள் வேலையை அண்ணாச்சி இரண்டு நாள் செய்தார். மிச்ச நேரமெல்லாம் அந்தக் கட்டிலில் படுத்து வேனின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா டீ போட்டுக் கொடுத்தார். புருசனும் பெண்டாட்டியும் ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கும்போதுகூட ஏதாவது சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். அண்ணாச்சி காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களையே பார்த்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

அவர்கள் போன மறுநாள், பட்டறைக்குப் பின்னால் இனி ஓடாது என்று கண்டமாகிக் கிடந்த ஒரு வேனை வெளியே இழுத்தார். கிராமங்களிலிருந்து தீப்பெட்டி ஆபீஸுக்குப் பெண்களை ஏற்றி வந்த வேன். பின்சீட்டையெல்லாம் பிடுங்கினார். கட்டில் வெல்டிங் பண்ணினார். ஸ்டவ்வுக்கு மேடை. கூரைமேல் தண்ணீர் டிரம், அதிலிருந்து உள்ளே ஒரு குழாய். பிரேக் போட்டால் குழாய் தானாகத் திறந்துகொள்ளும் என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது.

இருபதாம் நாள் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஏரி, மலை, கடலு மூணையும் பார்த்துட்டு வந்துரலாம்னு இருக்கேன். உங்க மதினிகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

மதினி அடுப்படியிலிருந்து, "தண்ணிய யாரு பிடிப்பான்னு கேளுங்க" என்றார். நியாயமான கேள்வி. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வரும். அன்றைக்கு வீட்டில் ஆள் இல்லையென்றால் அடுத்த பதினைந்து நாள் அம்போ. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை தண்ணீர் வந்தது. மதினி குடம், அண்டா, டிரம், கூரைமேல் இருந்த டிரம் என்று ஒன்றுவிடாமல் நிரப்பினார். மறுநாள் காலையில் ஒரு பையோடு வந்து வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, நல்லபடியா போயிட்டு வாங்க" என்றேன்.

"நீங்களும் வரணும் தம்பி. நீங்க இல்லாம நாங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்கிடுதது?"

பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஏறினேன்.

குமுளி மலையில் வேன் ஏறிய வேகத்தைப் பற்றிச் சொல்லக்கூடாது. நடந்து போன ஒரு தாத்தா எங்களை முந்திக்கொண்டு போய், அடுத்த வளைவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டு முடித்து, எங்களுக்குக் கை காட்டினார். எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தோம். ஒரு ஏரி. மதினி கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"இம்புட்டுத் தண்ணியையும் தெறந்தே போட்டிருக்காவளே, தூசி விழாதான்னு கேளுங்க தம்பி."

"மூடி செய்யணும்னா எத்தனை ஷீட்டுத் தகரம் வேணும்னு நானும் அதத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்னு சொல்லுங்க."

மதினியின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அதைச் சொல்லும்படி எனக்கு உத்தரவு வரவில்லை.

படகில் ஏறப் போனோம். அண்ணாச்சி குனிந்து படகைத் தட்டினார். "அடியில பட்டி பார்த்திருக்கு" என்றார் சத்தமாக. உள்ளே உட்கார்ந்திருந்த மூன்று குடும்பங்கள் எழுந்து இறங்கிவிட்டன. படகுக்காரர் எங்களை வேன் வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தார்.

மறுநாள் தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி ஒரு காட்டிலாகா செக்போஸ்ட். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பெரிய மீசை வைத்த காவலர் ஒருவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். கட்டில், அடுப்பு, இரண்டு ஆண்கள், ஒரு பெண். இறங்கச் சொன்னார்.

"இது யாராணு?"

"எஞ் சம்சாரம்" என்றார் அண்ணாச்சி.

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. "சம்சாரம் எனிக்கு வேண்டா. ஆள் யாரு?"

நான் நடுவில் புகுந்து, "பார்யா, சார். இவரோட பார்யா" என்றேன்.

காவலர் மதினியிடம் திரும்பினார். "இது நிங்ஙளோட பர்த்தாவா?"

மதினி என்னைப் பார்த்தார். "ஆமான்னு சொல்லுங்க தம்பி."

மீசை கொஞ்சம் அசைந்தது. அடுத்து அண்ணாச்சியிடம், "பார்யாவோட பேரு என்னா?"

அண்ணாச்சியும் என்னைப் பார்த்தார். "உங்க மதினி பேரச் சொல்லுங்க தம்பி."

எனக்கு மதினியின் பெயர் தெரியாது. இரண்டு வருஷம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன், பெயர் கேட்டதில்லை. நான் திருதிருவென்று முழித்ததும் காவலர் வேன் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "பர்த்தாவும் பார்யாவும் எங்கில் ரெண்டாளும் சம்சாரிக்கட்டும். நான் கேக்கணும். இல்லேன்னா ஸ்டேஷனுக்குப் போகாம்."

எங்களுக்குப் பின்னால் நான்கு ஜீப்பும் ஒரு பஸ்ஸும் வந்து நின்றன. ஹாரன் அடித்தார்கள். மதினி வேனின் பக்கக் கதவில் சாய்ந்து நின்றார். அண்ணாச்சி செக்போஸ்ட் கம்பத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் என்றதும் என் வேலை கண்முன் வந்து போனது. பெயர் தெரியாத பெண்ணோடு காட்டுக்குள் பிடிபட்ட டெலிபோன் ஆபரேட்டர் என்று பேப்பரில் வரும்.

"மதினி, ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை."

மதினி ஈரமான முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"எம் பீரோவ எதுக்கு வெட்டுனீங்க?"

என்னிடம் கேட்கவில்லை. அண்ணாச்சியைப் பார்த்துக் கேட்டார். அண்ணாச்சி பழக்கதோஷத்தில், "தம்பி, சொல்லுங்க…" என்று ஆரம்பித்தார்.

"நேரே! நேரே!" என்று காவலர் கத்தினார்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார். "தீப்பெட்டி ஆபீஸ் வேனுல கதவு இத்துப் போயி, ஓடுத வண்டியில இருந்து ஒரு பொம்பளப்பிள்ள விழுந்து கை ஒடிஞ்சுட்டு. ஞாயித்துக்கெழம கொண்டாந்து விட்டாவ. திங்கக்கெழம காலையில அதுலயே அம்பது பேர ஏத்தப் போறேங்காவ. தகரக் கடை பூட்டிக் கெடக்கு. நான் என்ன செய்ய?"

மதினி பிடித்துக்கொண்டார். "இத எங்கிட்ட சொல்லுததுக்கு என்ன? நானே கழத்திக் குடுத்திருப்பேன்லா! அந்த மாதிரி வேனுல தொத்திக்கிட்டுப் போனவ தான நானும்?"

"நீதான் பேச மாட்டேன்னுட்டியே."

"நான் பேச மாட்டேன்னு சொன்னேன். உங்களப் பேசாதீங்கன்னு சொன்னேனா?"

அண்ணாச்சி யோசித்தார். மூன்று வருஷத்தில் இப்படி ஒரு வழி இருப்பது அவருக்குத் தோன்றவே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. அதற்குள் மதினி அடுத்ததற்குப் போய்விட்டார். அண்ணாச்சியின் அக்கா மகள் சடங்கு, உடைந்த குத்துவிளக்கு, போன பொங்கலுக்கு எடுத்த சேலையின் நிறம் என்று மூன்று வருஷத்துப் பாக்கி அத்தனையும் வந்தது. அண்ணாச்சியும் விடவில்லை. ஜீப் டிரைவர்கள் ஹாரனை நிறுத்திவிட்டு இறங்கி வந்து கேட்டார்கள்.

அரை மணி நேரம் கழித்துக் காவலர் இரண்டு கையையும் தூக்கினார். "மதி, மதி! போதும்! பர்த்தாவும் பார்யாவும் தன்னே! போய்க்கோ!"

மதினி போவதாக இல்லை. "அந்தக் கதவு எங்க? எந்த வேனு?"

"நீ சாஞ்சுக்கிட்டு நிக்கியே, இதுதான்."

மதினி திரும்பிப் பார்த்தார். மேலே மூன்று கோட் பெயிண்ட். மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. விரல் முட்டியால் மெதுவாக ஒரு தட்டு தட்டினார்.

"நல்ல தகரம்" என்றார் அண்ணாச்சி.

"எங்கப்பா வாங்குனதுல்லா" என்றார் மதினி.

அங்கிருந்து மலை இறங்கிக் கடற்கரை போகிறவரைக்கும் இருவரும் வாயை மூடவில்லை. மதினி முன்சீட்டுக்கு மாறிவிட்டார். நான் பின்னால் கட்டிலில் கிடந்தேன். ஒவ்வொரு வளைவிலும் குழாய் திறந்து என்னை நனைத்தது. யாரும் என்னிடம் எதையும் யாருக்கும் சொல்லச் சொல்லவில்லை. கீழே இன்னொரு ஏரி வந்தது, தென்னந்தோப்புகள் வந்தன, கடைசியில் கடல் வந்தது. அண்ணாச்சி முழங்கால் தண்ணீரில் நின்றார். எங்கே தட்டுவது என்று தெரியாமல் கை இரண்டையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்ற அவரை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். மதினி பக்கத்தில் போய் நின்று ஏதோ சொன்னார். அலைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

கரைக்குத் திரும்பி வந்ததும் அண்ணாச்சி கேட்டார். "தம்பி, உங்களுக்கு லீவு முடியப் போகுதோ?"

"இன்னும் ஆறு நாள் இருக்கு அண்ணாச்சி."

"ஆபீஸ்ல தேடுவாவல்லா" என்றார் மதினி.

எனக்குப் புரிந்தது. கொல்லம் பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் ஒன்றை மடியில் வைத்தார்கள். பஸ் கிளம்புகிறவரைக்கும் காத்திருக்கவில்லை. எதற்கோ வாக்குவாதம் செய்துகொண்டே வேனைப் பார்த்து நடந்தார்கள்.

கோவில்பட்டிக்கு வந்து அறையில் படுத்தேன். இனி நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். கீழே பட்டறை பூட்டிக் கிடந்தது. நாவல் படித்தேன். சட்டை துவைத்தேன். ஹோட்டலில் சாப்பிட்டேன். சாம்பார் ஆறியிருந்தது. அதை யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லீவின் கடைசி நாள் உச்சி வெயிலில், தூரத்தில் அந்த வேனின் ஹாரன் கேட்டது. கீழே இறங்கி பைபாஸ் ரோட்டு ஓரத்தில் போய் நின்றேன். தார் காலைச் சுட்டபோதுதான், செருப்புப் போடாமல் ஓடி வந்திருக்கிறேன் என்று தெரிந்தது.