இரண்டு கட்டு வெற்றிலை

பதுளையின் இரண்டு பெரிய சட்ட அலுவலகங்களில் எதில் சேருவது என்று யோசித்து முடிப்பதற்குள், கௌசிகா இரண்டிலும் சேர்ந்துவிட்டிருந்தாள்.

தப்பு அவளுடையதல்ல. வெற்றிலையுடையது.

பெரிய சட்டத்தரணியிடம் ஜூனியராகச் சேருகிறவர் வீட்டார், ஒரு கட்டு வெற்றிலையைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பது வழக்கம். அவர் வாங்கிக்கொண்டால் காரியம் முடிந்தது. கொடுத்த வெற்றிலையைத் திருப்பிக் கேட்பதைவிட, கட்டிக்கொடுத்த பெண்ணைத் திருப்பிக் கேட்பது சுலபம்.

“வைரவநாதன் ஐயாகிட்ட குடுத்துட்டேன். சிரிச்ச மொகமா வாங்கிக்கிட்டாரு” என்று செருப்பைக் கழற்றாமலே அறிவித்தார் அப்பா இராசையா.

அடுப்படியிலிருந்து அம்மா விஜயலெட்சுமி எட்டிப் பார்த்தாள். “எதக் குடுத்தீங்க?”

“வெத்தல.”

“ஐயையோ! நான் ஜாபிர் ஐயாகிட்ட குடுத்துட்டு இப்பதானே ரயிலை விட்டு எறங்கி வாரேன்!”

“என்னைய ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?” என்றாள் கௌசிகா.

“நீ மாசக்கணக்கா யோசிச்சுக்கிட்டு இருந்தா வெத்தல வாடிராதா?” என்றாள் அம்மா.

“ஒருத்தர்கிட்ட போய் மன்னிப்புக் கேட்டுருவோம்ப்பா.”

இராசையா பதறிப்போனார். “நம்ம தேயிலைத் தோட்டத்துல மொத வக்கீலு நீ. மொத வக்கீலே வெத்தலையில ஏமாத்திருச்சுன்னு பேரு வந்தா, நாளைக்கு இந்த லயத்து வீடுகள்ல இருந்து இன்னொரு புள்ளைய எவரு சேப்பாரு?”

கௌசிகா சுவர்ப் பக்கம் திரும்பினாள். வக்கீலாகச் சத்தியப்பிரமாணம் செய்தபோது போட்டிருந்த கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த இரண்டு சட்டத்தரணிகளும் லேசுப்பட்டவர்கள் அல்லர். வைரவநாதன் குறுக்கு விசாரணை செய்தால், சாட்சி தான் செய்ததோடு தன் மைத்துனன் செய்ததையும் சேர்த்து ஒப்புக்கொள்வான். ஜாபிர் தொகுப்புரை சொல்ல எழுந்தால், அவர் முடித்து உட்காருவதற்குள் அவருடைய கட்சிக்காரர் தண்டனையை அனுபவித்து வெளியே வந்துவிடுவார்.

இருவருக்கும் ஜென்மப் பகை. வைரவநாதனின் அலுவலகம் முன் தெருவில். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின் தெருவில் ஜாபிரின் அலுவலகம். ஒருவர் நடக்கும் தெருவில் மற்றவர் நடப்பதில்லை. ஒருவருக்குப் பல்வலி என்றால் மற்றவர் தம் பல் வைத்தியரை மாற்றிவிடுவார்.

கௌசிகா ஓர் ஏற்பாடு செய்தாள். காலையில் வைரவநாதன், பகலுக்குப் பின் ஜாபிர். முன்னவரிடம், பகலில் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். பின்னவரிடம், காலையில் அம்மாவுக்காகக் கோயிலைச் சுற்றும் நேர்த்திக்கடன் என்றாள். முன் தெருவிலிருந்து பின் தெருவுக்குப் போக, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஓட வேண்டும். அந்த மாதம் பதுளையில் பெய்த மழையில் மீன் கடைக்காரரின் மீன்கள் தாமாகவே வீட்டுக்குப் போயின. அவள் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஓடினாள்.

“ஒங்கப்பாவுக்கு என்னம்மா வருத்தம்?” என்று வைரவநாதன் கேட்டார்.

“முழங்கால், சேர்.”

“நேத்து நெஞ்சுன்னீங்க.”

“நெஞ்சுலருந்து எறங்கிருச்சு, சேர்.”

மூன்றாம் நாள் அவர் அவளுக்கு ஒரு வழக்கைக் கொடுத்தார். கட்சிக்காரர் அப்புத்தளை ரமணன். அவருடைய மாடு, பண்டாரவளை மரக்கறி முதலாளி பவாஸின் லீக்ஸ் பாத்தியை மேய்ந்துவிட்டதாம். “காரமா ஒரு கடிதம் போடுங்க” என்றார்.

‘எமது கட்சிக்காரரின் மாடு வெங்காய வகை எதையும் தொடாத ஆசாரமான மாடு’ என்று கௌசிகா எழுதினாள். ‘மேலும் அன்று நிலவிய பனிமூட்டத்தில் மாட்டை மாடென்றே காண முடியாதபோது, ரமணனின் மாடென்று கண்டது எங்ஙனம்?’

பகலுக்குப் பின் ஜாபிர் அந்தக் கடிதத்தை அவள் முன்னால் போட்டார். மை காயவில்லை. தபால் இப்போது இவ்வளவு வேகமா என்று அவள் வியந்தாள்.

“பாருங்க மகள், எவனோ ஒரு மடையன் எழுதிருக்கான். நம்ம பவாஸ் முதலாளிக்காக இவனுக்கு நல்லாக் குடுங்க.”

அவள் நல்லாகக் கொடுத்தாள். ‘கடிதம் எழுதியவருக்குச் சட்டமும் தெரியவில்லை, மாடும் தெரியவில்லை’ என்றாள். மறுநாள் காலை வைரவநாதன் அதை வாசித்துவிட்டு, “இது யாரோ சரியான வாயாடி. விடக்கூடாதும்மா” என்றார். அவள் விடவில்லை. வாரக் கடைசியில், தன் மீதே மானநஷ்ட வழக்குப் போடும் அளவுக்குத் தன்னைத் திட்டியிருந்தாள்.

ஒரு நாள் அவசரத்தில் குடையை வைரவநாதனின் அலுவலகத்திலேயே விட்டுவிட்டு நனைந்துகொண்டு ஓடினாள். ஜாபிரின் நரைத்த தலைக் கிளாக்கர் நப்ரீஸ் வாசலில் நின்றார்.

“மிஸ், இந்தாங்க ஒங்கட கொடை.”

“இங்கயா இருந்துச்சு?”

“வேற எங்க இருக்கும்?” என்றார் நப்ரீஸ். கூடவே ஒரு இஞ்சித் தேநீரும் கொடுத்தார். அச்சு அசலாக வைரவநாதனின் அலுவலகத்தில் பூவம்மா போடும் தேநீர். பதுளையில் எல்லாரும் ஒரே கடையில் இஞ்சி வாங்குகிறார்கள் போலும் என்று கௌசிகா நினைத்துக்கொண்டாள். உள் அறையிலிருந்து டக், டக் என்று சத்தம் கேட்டது.

“அது என்னா சத்தம்?”

“சேர் யோசிக்கிறாரு” என்றார் நப்ரீஸ்.

மாட்டு வழக்கு நீதிமன்றத்துக்கு வந்த நாளன்று வைரவநாதன் கூப்பிட்டார். “எனக்குப் பண்டாரவளையில ஒரு கல்யாணம். நீங்க போய் ரமணனுக்காக நில்லுங்க. அந்தாளு தவணை கேட்டு வழக்கைத் தள்ளிப்போடப் பார்த்தா ஒத்துக்காதீங்க.”

வெளியே வந்ததும் தொலைபேசி அடித்தது. ஜாபிர் இருமினார். “காய்ச்சல் மகள். பவாஸுக்காக நின்னு தவணை ஒன்னு கேளுங்க. அந்தப் பக்கம் எகிறுவாங்க, பயப்படாதீங்க.”

ஒரே வழக்கில் இரு பக்கமும் நின்றால் கோட்டைக் கழற்ற வேண்டியதுதான். ஒரு பக்கம் நிற்காவிட்டால் வெற்றிலைக் கதை வெளிவந்துவிடும். கௌசிகாவின் கால்கள் அவளைக் கேட்காமலே நீதிமன்றத்துக்கு நடந்தன.

வழக்கு அழைக்கப்பட்டது.

“வழக்காளிக்காக யார்?” என்றார் நீதிபதி.

“நான், யுவர் ஆனர். தவணை ஒன்று வேண்டுகிறோம்.”

“எதிராளிக்காக?”

கௌசிகா மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். கோட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“நான், யுவர் ஆனர். தவணைக்குக் கடுமையாக ஆட்சேபம் தெரிவிக்கிறோம். என் கற்றறிந்த நண்பர் ஆயத்தமில்லாமல் வந்திருக்கிறார்.”

அது பொறுக்காமல் அவள் இந்தப் பக்கம் ஓடி வந்தாள். “என் கற்றறிந்த நண்பர் வாயை அடக்க வேண்டும், யுவர் ஆனர்!”

பவாஸும் ரமணனும் பின்வரிசையில் பகையை மறந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

“மிஸ்,” என்றார் நீதிபதி, “ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசாதீங்க.”

கௌசிகா இரண்டு மேசைகளுக்கும் நடுவில் நின்றாள். அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. “யுவர் ஆனர், நான்...”

நீதிபதி கையை உயர்த்தித் தடுத்தார். கண்ணாடிக்கு மேலால் அவளுடைய கோட்டைப் பார்த்தார். “நல்லா நனைஞ்சிருக்கு. எந்த வழியா ஓடுறீங்க?”

“பஸ் ஸ்டாண்டைச் சுத்தி, யுவர் ஆனர்.”

“ம். மீன் கடைப் பக்கம் வழுக்கும், பார்த்து” என்று பெருமூச்சு விட்டார் நீதிபதி. “வழக்கு அடுத்த மாதத்துக்கு.”

அவர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. நேரே வைரவநாதனின் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிட்டு, தோட்டத்துப் பிள்ளைகளின் பெயரைக் கெடுக்காதீர்கள் என்று கெஞ்சுவதாக முடிவு செய்தாள். அலுவலகத்தில் ஆளில்லை. அவர் கல்யாணத்துக்குப் போயிருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அழுகையை அடக்கத் தண்ணீர் குடிக்கலாம் என்று, இதுவரை கால் வைத்திராத பின்பக்கச் சமையலறைக்குள் நுழைந்தாள்.

டக், டக்.

அடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு விரியத் திறந்திருந்தது. கதவுக்கு அப்பால் ஜாபிரின் உள் அறை. நடுவில் கேரம் பலகை. ஒரு பக்கம் காய்ச்சல்காரர், எதிர்ப்பக்கம் கல்யாணத்துக்குப் போனவர். மேசையோரத்தில், ஒரே தட்டில், இரண்டு கட்டு வெற்றிலை வாடிக் கிடந்தது.

“சிவப்பு எனக்கு, ஜாபிர்” என்றார் வைரவநாதன், தலையைத் தூக்காமலே.

“ஆட்சேபம்” என்றார் ஜாபிர்.

கௌசிகா இரண்டு கட்டுகளையும் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள். இஞ்சி தட்டிக்கொண்டிருந்த பூவம்மா நிமிர்ந்து பார்த்து, அவள் கையிலிருந்த குடையை வாங்கி மூலையில் சாத்தினாள்.

“நீங்க கெட்டிக்காரிம்மா, ஒரு மாசத்துலயே கதவக் கண்டுபுடிச்சிட்டீங்க, இப்ப ஜட்ஜா ஒக்காந்திருக்காரே அந்த ஐயா, பாவம், ரெண்டு வருசம் மழையில ஓடினாரு.”