இஸ்திரி போடாத கொடிகள்

உலகத்தில் நிலையான சமாதானம் என்பது நடக்கிற காரியமே இல்லை என்று தையல்காரர் அன்று மதியம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சொன்ன இடம் சாப்பாட்டு மேசை. கேட்டவள் அவர் மனைவி ஒருத்திதான்.

அவருக்கு அதைச் சொல்லத் தகுதி இருந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உலக சமாதான விழாவாம். எல்லா நாட்டுக் கொடிகளையும் தைத்துத் தரச் சொல்லியிருந்தார்கள். மனிதர் ஒரு வாரமாக நாடுகளை வெட்டி, இணைத்து, ஓரம் மடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கொடியைத் தலைகீழாப் பிடிச்சா இன்னொரு நாட்டுக் கொடி ஆயிடுது. அவ்வளவுதான் வித்தியாசம். இதுக்குப் போய் பீரங்கி எதுக்கு?"

"நல்ல கேள்விங்க. என் தம்பிகிட்டயும் கேட்டுப் பாருங்களேன்."

"அவன் பேச்சை எடுக்காதே."

"நான் எங்க எடுத்தேன்? உங்க பீரங்கிதான் அந்தப் பக்கம் திரும்பி நிக்குது."

தம்பி அவளுக்கு ஒரே தம்பி. கல்யாணம் ஆகாதவன். தையல்காரரின் கடையில் பாதி இடத்தில் இஸ்திரி மேசை போட்டிருந்தான். இவர் தைப்பார், அவன் தேய்ப்பான். மதியம் ஆனால் மாமாவும் மச்சானும் ஒன்றாக வந்து சாப்பிடுவார்கள். மின்விசிறி வாங்கும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

காற்று இல்லாவிட்டால் இவர் வியர்வை துணியில் சொட்டும். காற்று அடித்தால் அவன் மடித்து வைத்ததெல்லாம் பறக்கும். ஒருநாள் அவன் விசிறியை அணைத்தான். இவர் போட்டார். அவன் அணைத்தான். "உன் சூட்டை எல்லாம் உன் வீட்டுல வெச்சுக்க!" என்று இவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். அவன் தங்கியிருந்தது ஒரு வாடகை அறையில். வீடு என்று அவன் சொல்லி வந்தது அக்கா வீட்டைத்தான். அன்றிலிருந்து அவன் சாப்பிட வரவில்லை.

இவரும் சும்மா இருக்கவில்லை. மிச்சத் துணியில் ஒரு திரை தைத்துக் கடைக்கு நடுவே தொங்கவிட்டார். கோபத்தில் தைத்தாலும் தையல் நேராகவே இருந்தது.

இப்போது கொடிகள் தயார். விடிந்தால் கொடுக்க வேண்டும். தேய்க்க வேண்டியவனோ திரைக்கு அந்தப் பக்கம். வீட்டு இஸ்திரிப் பெட்டியால் தாமே ஒரு கை பார்த்ததில், பாவம், ஒரு நாட்டின் மூலை கருகிப்போனது.

"போய் ஒரு வார்த்தை பேசினாத்தான் என்னங்க?"

"நான் பெரியவன். அவன்தான் முதல்ல வரணும்."

"மாமாதான் முதல்ல வரணும்னு அவனும் சொல்றான்."

"பாத்தியா? அதான் சொன்னேன், சமாதானம் நடக்காது!"

அவள் எழுந்தாள். தம்பிக்கென்று பழக்கதோஷத்தில் சமைத்த பங்கை மூடி வைத்தாள். அதைப் பார்த்தபிறகு தையல்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கும் அந்தப் பயல் இல்லாமல் என்னவோ போலத்தான் இருந்தது. வாய்விட்டுச் சொல்ல மீசை இடம் கொடுக்கவில்லை.

அவர் கண்ணயர்ந்து எழுந்தபோது, அவள் வெளியே போய்விட்டுத் திரும்பியிருந்தாள்.

"என்னங்க, தம்பி அழுதுட்டான்."

"அழுதானா?"

"தேம்பித் தேம்பி. தப்பு தன்மேலதானாம். மாமா மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு கேக்கறான்."

தையல்காரருக்கு மார்பு ஒரு சுற்றுப் பெருத்தது. பெருந்தன்மையோடு சட்டையை மாட்டி, கொடி மூட்டையைத் தூக்கிக்கொண்டார். வழியெல்லாம் மன்னிக்கிற முகத்தைப் பழகிக்கொண்டே போனார். கடையில் நுழைந்து திரையை விலக்கினார். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு கை அதை விலக்கியது.

"போகட்டும் மச்சான். உன்னை மன்னிச்சிட்டேன்."

"போகட்டும் மாமா. நானும் உங்களை மன்னிச்சிட்டேன்."

"நீ எதுக்குடா என்னை மன்னிக்கிறே?"

"நீங்கதான் அழுதீங்களாமே?"

"நானா? நீதானே தேம்பினே!"

"நான் எதுக்குத் தேம்பறேன்? மாமா என் பேரைச் சொல்லித் தேம்பறாருன்னு அக்காதான் வந்து..."

இருவர் வாயும் ஒன்றாக மூடிக்கொண்டன. நியாயமாக அங்கேயே இரண்டாவது போர் மூண்டிருக்க வேண்டும். ஆனால் எதிரி இப்போது வீட்டில் இருந்தாள்.

"இதைச் சும்மா விடக்கூடாது மச்சான்."

"விடவே கூடாது மாமா. முதல்ல கொடியைக் கொடுங்க. தேய்ச்சு வெச்சுட்டுப் போய்க் கேப்போம்."

அவன் தேய்க்கத் தேய்க்க இவர் மடித்தார். கருகிய மூலைக்கு ஒட்டுப் போட்டார்; அது தெரியாதபடி அவன் அழுத்தித் தேய்த்தான். யாரும் கேட்காமலே இவர் எழுந்து விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"அன்னிக்கு வீடு அது இதுன்னு ஏதோ உளறிட்டேன்..." என்றார், தரையைப் பார்த்து.

"விடுங்க மாமா," என்றான் அவன். குரல் லேசாக உடைந்தது.

பிறகு இருவரும் ஒரே கட்சியாக வீட்டுக்கு நடந்தார்கள். யார் பேச்சை ஆரம்பிப்பது என்பதில்தான் கொஞ்சம் இழுபறி.

உள்ளே மூன்று தட்டு போட்டிருந்தது.

"எங்க ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொல்லியிருக்கே!" தையல்காரர் குரலை உயர்த்தினார்.

"ஆமா, சொன்னேன்." அவள் தம்பியின் தட்டை நிரப்பினாள். கண் கலங்கியிருந்தது, அவள் மறைக்கவும் இல்லை.

"பொய் சொல்லி வாங்கின சமாதானம் எத்தனை நாள் நிலைக்கும்? நீயே சொல்லு மச்சான்!"

ஆதரவுக்குத் திரும்பிப் பார்த்தார். மச்சான் அதற்குள் இரண்டாவது கவளத்தில் இருந்தான்.

"அடுத்த சண்டை வரைக்கும் நிலைக்கும்ங்க," என்றாள் மனைவி. "அதுக்கும் ஒரு பொய் தயாரா வெச்சிருக்கேன். நீங்க உக்காருங்க, ஆறிடப் போகுது."