தூண் செதுக்குகிறவருக்கே பின்னறை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு சட்டம் போட்டேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நான் போட்ட முதல் சட்டம். கொட்டை எழுத்தில் எழுதிப் பின்னறைக் கதவில் ஒட்டினேன். "இந்த மெஷினில் ஒழுங்காக ஒரு தூண் செதுக்குகிறவருக்கே இந்த அறை."

விஷயம் இதுதான். பின்னறை என் மனைவியின் தையல் அறையாக இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் நான் ஒரு மரம் செதுக்கும் மெஷினை வாங்கி அங்கே குடியேற்றினேன். கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் போதும், உருட்டுக்கட்டையைத் தானே சுழற்றிக் கொடியும் இலையுமாகச் செதுக்கித் தந்துவிடும். அப்படித்தான் விற்றவன் சொன்னான். தையல் மெஷின் சமையலறை மூலைக்குப் போனது. அன்றிலிருந்து சட்டைப் பட்டனைக் கடுகு டப்பாவில்தான் தேட வேண்டும். ஆனாலும் அவள் முகம் சுளிக்கவில்லை. நான் தொடாத நாளில்கூட என் மெஷினைத் தூசில்லாமல் துடைத்து வைத்திருந்தாள். குணவதி என்று நினைத்துக்கொண்டேன்.

மாடிப்படிக் கைப்பிடியின் அடித்தூண் ஆட ஆரம்பித்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். ஆறு மாதமாக ஒரு கட்டையும் உருப்படவில்லையே, அறையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்களேன் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரத்தில் புதுத் தூணை நிறுத்திக் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். சட்டம் பிறந்த கதை அது. அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"அப்புறம் இதை மாத்த மாட்டீங்களே?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

முதல் கட்டையை மாட்டினேன். எட்டு சென்டிமீட்டர் கனம். மெஷின் அளவு கேட்டது, எட்டு என்று தட்டினேன். கட்டை சுழன்றது. கட்டர் வளைந்து நெளிந்து ஒரு மணி நேரம் உழைத்தது, கட்டைக்கு இரண்டு விரற்கடை மேலே. ஒரு துரும்பு விழவில்லை.

காபியோடு வந்தவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"என்னங்க, காத்தையா செதுக்கறீங்க?"

"ஒத்திகை."

"அது முழுக் கனத்தைக் கேக்குதா, நடுவுலேர்ந்து பாதியைக் கேக்குதா?"

"துணி வெட்டறது வேற, மரம் வெட்டறது வேற. உனக்குப் புரியாது."

பாதி என்று போட்டால் அவள் பேச்சைக் கேட்டதாகிவிடும். ஆகவே இரண்டாவது கட்டைக்குக் கட்டரைக் கண்ணளவில் நானே இறக்கினேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் கட்டரை விட்டேன். கட்டை பிளந்து ஒரு பாதி ஜன்னல் வரை போனது.

மூன்றாவது கட்டைக்கு, அவள் கடைக்குப் போன சமயம் பார்த்து, நாலு என்று போட்டேன். இடது முனையில் இலைகள் என்ன அழகாக வந்தன! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வலப்பக்கம் போகப் போக இலை கீறலாகி, கடைசி ஒரு சாண் மொட்டையாக நின்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கட்டை கோணல் என்றேன். உண்மையிலேயே வலது முனை ஒல்லிதான். நான் இடது முனையை மட்டும் அளந்திருந்தேன்.

அவள் மூன்று பிணங்களையும் எட்டிப் பார்த்தாள். கதவிலிருந்த சட்டத்தை இன்னொரு முறை படித்துவிட்டுப் போனாள். அறை போனால் மெஷினும் போகும். ஆபீஸில் இத்தனை நாள் அலட்டியதெல்லாம் மானத்தோடு சேர்ந்து போகும்.

மறுநாள் ஆபீஸ் போகிற வழியில், இரண்டு தெரு தள்ளியிருக்கிற கார்பென்டரைப் பிடித்தேன். படத்தைக் கொடுத்து, இப்படி ஒரு தூண் வேண்டும், யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றேன். அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். செதுக்கு வேலையை இப்போதெல்லாம் வெளியில் கொடுப்பதாகவும், மெஷினில் செய்கிற ஆள் வேலையில் சுத்தம் என்றும் சொன்னார். ஆள் யாராக இருந்தால் எனக்கென்ன? வெள்ளிக்கிழமை சாக்கில் சுற்றிக் கொடுத்தார். ஏனோ சிரித்தார்.

சனிக்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில் தூணை உள்ளே கடத்தினேன். கதவைச் சாத்தி, கட்டையே இல்லாமல் மெஷினை இரண்டு மணி நேரம் ஓட்டினேன். தலையில் ஒரு பிடி மரத்தூளைத் தூவிக்கொண்டு தூணோடு வெளியே வந்தேன்.

அவள் தடவித் தடவிப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு. இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஒரே ஆழம். எப்படிங்க அளந்தீங்க?"

பத்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"மெஷின் ஓடின சத்தம் கேட்டுச்சு. மரம் வெட்டற சத்தம் கேக்கலியே?"

"புது கட்டர். சத்தமே வராது."

"அடியைக் கொஞ்சம் திருப்புங்க."

திருப்பினேன். நட்டநடுவில் நீலச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அளவு. பதினாறு வருஷமாக என் சட்டைத் துணியில் பார்க்கிற அதே தையல் சாக்பீஸ், அதே குண்டு எட்டு.

"மூணு மாசமா நான்தாங்க அவருக்குச் செதுக்கித் தரேன், நீங்க ஆபீஸ் போனப்புறம்" என்றாள். "கட்டையைச் சுத்தி டேப் போட்டு ரெண்டு முனை, நடு எல்லாம் அளப்பேன். எந்த இடம் ஒல்லியோ அந்த அளவுக்கு முதல்ல முழுக் கட்டையையும் ஒரே உருட்டா இழைச்சுடுவேன். அப்புறம்தான் இலை, கொடி. உங்க இடுப்பை அளக்கற மாதிரிதான். மரம் பரவாயில்ல, மாசாமாசம் பெருக்கறதில்ல."

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. நான் செதுக்கினேன் என்றால் பொய். அவள் செதுக்கினாள் என்றால் அறை போச்சு. சட்டத்தில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று கதவைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"நீங்க சொன்னா சொன்னதுதானே?"

தூண் இப்போது ஆடாமல் நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் கைவேலை என்றுதான் சொல்கிறாள், அதுதான் இன்னும் எரிகிறது. கதவில் என் சட்டம் அப்படியே இருக்கிறது. கீழே நீலச் சாக்பீஸில் ஒரு வரி மட்டும் சேர்ந்திருக்கிறது: "கதவைத் தட்டிவிட்டு வரவும், துடைப்பத்தோடு."