இரண்டு நிமிஷம் நாற்பத்தொரு செகண்ட்

மதிப்பிற்குரிய கோகிலா அத்தை அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் சத்யபிரியா வணங்கி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, எருமை, எருமைக் கன்று எல்லாரும் சுகம். மதுரையில் நீங்களும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமா என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய தாள்.

முதலில், கடிதம் எழுதியதற்காகவே மன்னிக்க வேண்டும். கையில் போனை வைத்துக்கொண்டு கவரில் ஸ்டாம்பு ஒட்டுகிறாளே என்று நினைப்பீர்கள். உங்கள் போன் வந்தால் அப்பா அதை எவர்சில்வர் சொம்புக்குள் இறக்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நடுவீட்டில் வைத்துவிடுகிறார். போன மாதம் நீங்கள் தும்மியதற்குப் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் சித்தி தங்கள் அடுப்படியில் இருந்தபடியே "நூறு" என்று சொன்னார்கள். அப்படிப்பட்ட சொம்புக்குள் பேச எனக்கு வாய் வரவில்லை.

வியாழக்கிழமை ஒரு அதிர்ச்சி நடந்துவிட்டது, அதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். போலீஸ் எழுத்துத் தேர்வில் நான் பாஸானது உங்களுக்குத் தெரியும். அடுத்தது உடற்தகுதித் தேர்வு, இருபத்தாறாம் தேதி. நானூறு மீட்டரை இரண்டு நிமிஷம் முப்பது செகண்டுக்குள் ஓட வேண்டும். ஓடாவிட்டால் அங்கேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் அப்பா பாலவனத்தம் மாப்பிள்ளை வீட்டுக்குச் சரி என்று சொல்லிவிடுவார். தேர்வு முடிகிற வரைக்கும்தான் அவர்களைப் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். அவர்கள் நல்ல குடும்பம்தான், மருமகள் வேலைக்குப் போகக் கூடாது என்பது ஒன்றைத் தவிர.

போன மாதம் கண்மாய்க் கரையில் அப்பா கயிறு போட்டு அளந்து தந்த நானூறு மீட்டரை இரண்டு நிமிஷம் பதினான்கு செகண்டில் ஓடினேன். எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வாரம்தான் நீங்கள் சொம்புக்குள்ளிருந்து ஒரு வாக்கியம் சொன்னீர்கள். "தம்பி, பிள்ளை எலும்பும் தோலுமா இருக்கா, ஓடணும்னா உடம்புல தெம்பு வேணும்ல, நல்லாப் பாத்துக் குடு." அவ்வளவுதான் சொன்னீர்கள். உங்கள் மேல் குற்றம் சொல்ல வரவில்லை அத்தை. ஆனால் முப்பது வருஷம் நர்ஸாக இருந்த நீங்கள் ஒன்று சொன்னால் அப்பாவுக்கு அது மருந்துச் சீட்டு. அதில் எத்தனை வேளை, எத்தனை நாள் என்று நீங்கள் குறிப்பிடாததால், எல்லா வேளையும், எல்லா நாளும் என்று அவரே எடுத்துக்கொண்டார்.

விடிந்ததும் உளுந்தங்களி, நடுவில் குழி, குழி நிறைய நல்லெண்ணெய், பக்கத்தில் கருப்பட்டி. களி இறங்குவதற்குள் நான்கு முட்டை. பதினொரு மணிக்கு ஆட்டுக்கால் சூப்பு. மத்தியானம் சோறு, ஆனால் அதைச் சாப்பாடு என்று இந்த வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை, தெம்பு என்கிறார்கள். நான் ஊட்டச்சத்துப் படித்தவள். நம் குடும்பத்தில் முதல் டிகிரி அதுதான் என்று சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் நான் களி தின்கிறேன். ஓடுகிறவளுக்கு எப்போது மாவுச்சத்து வேண்டும், எப்போது புரதம் வேண்டும், ஓடுவதற்கு எவ்வளவு நேரம் முன்னால் வயிறு லேசாக இருக்க வேண்டும் என்று மூன்று வருஷம் படித்ததை மெதுவாக எடுத்துச் சொன்னேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீ படிச்சது பரீட்சைக்குத் தாயி. அக்கா சொன்னது உடம்புக்கு" என்று குழியில் இன்னொரு கரண்டி எண்ணெயை ஊற்றினார். நான் அதிர்ந்துபோய் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் அம்மா ஒரு உருண்டையை வைத்துவிட்டார்கள். பதினெட்டு நாளில் மூன்றரை கிலோ கூடிவிட்டேன் அத்தை.

சரி, தின்றதை ஓடிக் கரைப்போம் என்று பந்தல்குடி ரோட்டில் காலையில் ஓட ஆரம்பித்தேன். நம்ம பக்கத்துல ஒரு பொம்பளப்பிள்ளை ரோட்டுல ஓடுனா, ஒண்ணு பின்னால நாய் வரணும், இல்ல முன்னால பஸ்ஸு போகணும். சும்மா ஓடுகிறாள் என்பதை யாராலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முதல் நாள் ஒரு லாரிக்காரர் நிறுத்தி, "வீட்டுல யாருக்கும் முடியலையாம்மா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இரண்டாம் நாள் மினி பஸ் ஓட்டும் சங்கர் அண்ணன் என்னைத் தாண்டிப் போன வண்டியை நிறுத்தி, அப்படியே ரிவர்ஸில் வந்து, "ஏறு தாயி, உனக்காகத்தான் நிறுத்துனேன்" என்றார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். நான் பஸ்ஸுக்கு ஓடல, ஓடுறதுக்காக ஓடுறேன் என்று சொல்ல வேண்டியதுதானே? எனக்கு அது வரவில்லை. ஏறிவிட்டேன். பந்தல்குடியில் இறங்கி, திரும்புகிற பஸ்ஸுக்குக் காத்திருந்து வீடு வந்தேன். மறுநாளும் நிறுத்தினார். அதற்கு மறுநாள், அவர் வருவதற்குள் வளைவைத் தாண்டிவிடலாம் என்று இன்னும் வேகமாக ஓடினேன். "பிள்ளை என்ன அவசரத்துல போகுதோ, நிறுத்துய்யா"ன்னு பஸ்ஸே சேர்ந்து கத்துச்சு. இப்படி ஒன்பது நாள் பயிற்சி எடுத்தேன் அத்தை, அதில் எட்டு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து.

இதுக்கு நடுவுல உயரம். நூற்று ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர் இருந்தால்தான் ஓடவே விடுவார்கள். அப்பா டேப்பு வாங்கி வந்து காலையில் சுவரில் நிறுத்தி அளந்தார். நூற்று ஐம்பத்தொன்பதரை. சந்தோஷம் தாங்காமல் சாயங்காலம் பொன்னுத்தாய் சித்தியைக் கூப்பிட்டு அவர்கள் முன்னாடி மறுபடி அளந்தார். நூற்று ஐம்பத்தெட்டு சொச்சம். அப்பா முகத்தில் ரத்தமே இல்லை. "காலைல இருந்தது எங்க போச்சு?" என்கிறார், ஏதோ நான் எங்கேயோ தொலைத்துவிட்டு வந்த மாதிரி. முதல் காரியமாக அருப்புக்கோட்டைக்குப் போய் டேப்பை மாற்றி வாங்கி வந்தார். புது டேப்பும் அதையேதான் சொன்னது. பகலெல்லாம் நின்று நடந்தால் முதுகெலும்பு இடுக்குகள் அமுங்கும், சாயங்காலம் எல்லா மனிதரும் ஒரு சென்டிமீட்டர் குட்டையாகத்தான் இருப்பார்கள், படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று சொன்னேன். பொன்னுத்தாய் சித்தி குறுக்கே புகுந்து, "அதெல்லாம் வேண்டாம் மதினி, வேப்பங்கொப்புல ரெண்டு வேளை தொங்க விடுங்க. எங்க அண்ணன் மகன் அப்படித்தான் வளந்தான்" என்றார்கள்.

"எம்புட்டு வளந்தான்?" என்று அம்மா கேட்டார்கள்.

"மிலிட்டரில எடுக்கல. ஆனா வளந்தான்."

தொங்கினேன் அத்தை. கை வளர்ந்த மாதிரி இருந்தது, உயரம் அப்படியேதான் இருந்தது. ஆனால் நான் சொன்னதில் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்பது மட்டும் அப்பா மனதில் தங்கிவிட்டது. இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து சொல்றாரு, "தேர்வன்னைக்கு நீ எந்திரிக்கவே கூடாது. லோடு வண்டி பேசியிருக்கேன். மெத்தை போட்டுப் படுக்க வச்சே மைதானத்து வாசலுக்குக் கொண்டுபோயிருவோம்." வழியில் போலீஸ் நிறுத்திக் கேட்டால் என்ன சொல்வது என்றேன். உடம்பு முடியலைன்னு சொல்லுவோம் என்றார். "உடற்தகுதித் தேர்வுக்குப் போற பிள்ளைக்கா?" என்று அம்மா கேட்டார்கள். இந்த ஒரு மாதத்தில் இந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே நல்ல வாக்கியம் அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பந்தல்குடியில் உடல்நல முகாம் நடந்தது. ஏறி நின்றால் எடை, தசை, கொழுப்பு எல்லாவற்றையும் பிரித்துச் சொல்கிற மெஷின் ஒன்று வைத்திருந்தார்கள். எனக்குப் பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் பொன்னுத்தாய் சித்தி, அவர்களுக்குப் பின்னால் பாதி ஊர். மெஷின்காரத் தம்பி தலையைத் தூக்காமலே, "சத்யபிரியா, கொழுப்பு முப்பத்தொண்ணு" என்று சத்தமாகப் படித்தான்.

"முப்பத்தொண்ணுதானா?" என்றார்கள் பொன்னுத்தாய் சித்தி. "அவுக அத்தைக்கு எம்புட்டு இருக்கும்?"

மன்னிக்கணும் அத்தை, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதினேன். அப்பா அந்தப் பையன் சட்டையைப் பிடித்துவிட்டார். "எம்பிள்ளை நிமிந்து ஒரு பேச்சுப் பேசியிருப்பாளா? டிகிரி முடிச்சும் தலை குனிஞ்சு நடக்குறவ. அவளுக்கா கொழுப்புங்கிற?" அது அந்தக் கொழுப்பு இல்லை அப்பா, தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு என்று அத்தனை பேர் நடுவில் நான் விளக்க வேண்டியதாகிவிட்டது. என் வாழ்க்கையில் நான் பொது இடத்தில் பேசிய முதல் பேச்சு அது. கடைசியில் அப்பாவும் ஏறி நின்றார். நாளெல்லாம் வெயிலில் மண்வெட்டி பிடிக்கிற உடம்பு, கொழுப்பு பதினொன்று. அன்றிலிருந்து ஊரெல்லாம் தனக்குக் கொழுப்பு கம்மி என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் வியாழக்கிழமை. ரிட்டயரான விளையாட்டு வாத்தியார் இம்மானுவேல் சார் பந்தல்குடி மைதானத்தில் போலீசுக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். அவர் முன்னால் முதல் தடவையாக நேரம் பார்த்து ஓடினேன். ஓடி முடித்துத் திரும்பிப் பார்த்தால், சார் கையில் இருந்த வாட்ச்சைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"நின்னுபோச்சோன்னு பாத்தேம்மா. நல்லாத்தான் ஓடுது."

"நான் சார்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

இரண்டு நிமிஷம் நாற்பத்தொரு செகண்ட் அத்தை. காதில் விழுந்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. பாலவனத்தம் வீட்டு அடுப்படி எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கூட வந்திருந்த அப்பா மட்டும் அசரவில்லை. "தெம்பு பத்தல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, வருகிற வழியில் நாட்டுக்கோழிக்குச் சொல்லிவிட்டு வந்தார். இப்போது முற்றத்தில் அது என்னைப் பார்க்கிறது, நான் அதைப் பார்க்கிறேன்.

ஆகவே அத்தை, நீங்கள் தயவுசெய்து போன் போட்டு, களியைக் குறை, பிள்ளையை அவள் படிச்சபடி சாப்பிட விடு என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நீங்கள் சொன்னால்தான் எடுபடும்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் முட்டிவலிக்கு அம்மா தைலம் காய்ச்சி வைத்திருக்கிறார்கள். நீங்களும் மாமாவும் நூறாண்டு இருந்து என்னைக் காக்கி உடையில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டுச் சேலையிலாவது.

பணிவுடன்,
சத்யபிரியா

பின்குறிப்பு: கவரை ஒட்டாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன் அத்தை. மேலே எழுதியது எல்லாம் நடந்ததுதான். ஆனா குத்தம் களி மேல இல்ல. இன்னைக்குக் காலைல கண்மாய்க் கரையில ஆளே இல்லாதப்ப ஓடிப் பாத்தேன். மூணரை கிலோ கூடியும் ரெண்டு நிமிஷம் ஒம்பது செகண்ட். தேர்வுல குண்டு எறியறதும் உண்டு, அதுல நாலு மீட்டரைத் தாண்டாதவ இப்ப அஞ்சைத் தொடுறேன், அது களிதான். அதனால அப்பாகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், ஊத்துற எண்ணெயை ஊத்தட்டும்.

வியாழக்கிழமை நடந்ததுல ஒண்ணை எழுதாம விட்டுட்டேன். கம்பி வேலியோரம் நாப்பது அம்பது பையங்க நின்னாங்க. நான் ஒரு கையால துப்பட்டாவை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டே நானூறு மீட்டரும் ஓடுனேன். சார், கைய வீசு, கைய வீசுன்னு கத்துறாரு. வீசுனா எல்லாம் ஆடும் அத்தை, வேற எப்படி எழுதன்னு தெரியல. எனக்கு முன்னாடி மல்லாங்கிணத்துப் பிள்ளை ஒருத்தி, சுகப்பிரியான்னு பேரு, ரெண்டு கையையும் வீசிக்கிட்டு எதைப் பத்தியும் யோசிக்காம ஓடிப் போனா. அப்புறமா ஓரமாக் கூப்பிட்டுக் கேட்டேன். ஓடுறவுகளுக்குன்னே இறுக்கமா தனி உள்ளாடை இருக்காம், மதுரையில கிடைக்குமாம். எனக்கு நாற்பத்தொரு செகண்டை விட அதுதான் அதிர்ச்சி. மூணு வருஷம் உடம்பைப் பத்திப் படிச்சேன், ஒரு பாடத்துலயும் அது வரல. அம்மாகிட்ட மெதுவாச் சொல்லிப் பாத்தேன், ரெண்டு துப்பட்டாவாப் போட்டுக்கோங்கிறாக. இங்க கடையில எடுத்துப் போடுறவுக எல்லாம் அப்பாவைத் தெரிஞ்சவுக. தேர்வன்னைக்கு டி-ஷர்ட்டுதான், துப்பட்டாவே கிடையாது. எனக்கு ரெண்டு கையும் நெஞ்சு மேலயே இருந்துரும்.

சுகப்பிரியா சொன்னதுல ரெண்டு வேணும் அத்தை. அளவைத் தனிச் சீட்டுல எழுதி நாலா மடிச்சு உள்ள வச்சிருக்கேன், மாமா கண்ணுல படாமப் பாத்துக்கோங்க. யார்கிட்டயும் குடுத்து விட வேண்டாம். இருபத்தாறுக்குள்ள நீங்களே ஒரு நடை வந்து குடுத்துட்டுப் போவீகளா?